ஈயம் கண்ணாடியில ஒட்டவே ஒட்டாது! அப்புறம் எப்படி இந்த நைட் லாம்ப்?

[திரையில்: இருட்டு அறை. சுவர் பிளக்கில் ஒரு நீலத் தட்டான் விளக்கு]

உருகின ஈயத்தைக் கண்ணாடி மேல விட்டா உருண்டு ஓடிடும், ஒட்டாது. ஆனா இந்தத் தட்டானோட இறக்கை, உடம்பு எல்லாமே ஈயத்தாலதான் சேர்ந்து நிக்குது. எப்படின்னு பார்க்கலாம் வாங்க.

படத்தைத் தாள்ல வரைங்க, கிளாஸ் கட்டரால கோடு கிழிச்சு ஒடிங்க, ஓரத்தைத் தேய்ங்க. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். முதல் விளக்குக்கு நேர்க்கோட்டுத் துண்டா நாலஞ்சு போதும். உள்ளே குழிஞ்சு வர்ற வளைவு சட்டுனு உடையும்.

[நெருக்கக் காட்சி: செம்பு டேப்]

சூட்சுமம் இதுலதான் இருக்கு! கோரைப்பாய்க்குத் துணி வெச்சு ஓரம் அடிப்பாங்களே, அதே மாதிரி ஒவ்வொரு துண்டோட விளிம்புக்கும் காப்பர் ஃபாயில் டேப் சுத்தி, ரெண்டு பக்கமும் மடிச்சு அழுத்தணும். ஈயத்துக்குக் கண்ணாடி பிடிக்காது, செம்பு பிடிக்கும். ஃப்ளக்ஸ்ங்கிற பத்தவைப்புப் பசையைத் தடவினா செம்பு மேல இருக்கிற ஆக்சைடு போயிடும். 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம் கலந்த சால்டர், அதாவது இவ்வளவு நேரம் ஈயம்னு சொன்னது, 183 டிகிரியில இளக ஆரம்பிச்சு செம்பைக் கவ்விக்கும். மொபைல் ரிப்பேருக்கு வெச்சிருக்கிற 25 வாட்ஸ் அயர்ன் இதுக்குப் பத்தாது, 80லிருந்து 100 வாட்ஸ் வேணும். உள்ளே ரோசின்ங்கிற பிசின் இருக்கிற சால்டர் கம்பியும் வேண்டாம், பிசுபிசுன்னு ஆகிடும்.

[பழைய புகைப்படம்]

இவங்களைப் பத்திச் சொல்லாம என்னால நகர முடியாது. இந்தச் செம்பு டேப் முறையில செஞ்ச விளக்குகளை உலகமே டிஃபனி லாம்ப்னு கொண்டாடுது. ஆனா அதுல பலதை வடிவமைச்சவங்க கிளாரா டிரிஸ்கால். நியூயார்க் டிஃபனி ஸ்டூடியோஸ்ல கண்ணாடி வெட்டுற பெண்கள் பிரிவுக்குத் தலைவி. அவங்க தட்டான் விளக்கு 1900 பாரிஸ் கண்காட்சியில பரிசு வாங்குச்சு. விஸ்டீரியாங்கிற பூங்கொடி மாதிரி செஞ்ச விளக்குல கிட்டத்தட்ட 2000 துண்டுங்க, ஒவ்வொண்ணுக்கும் நிறம் பார்த்துப் பொறுக்கினது அந்தப் பொண்ணுங்க கண்ணு! கல்யாணம் ஆனா வேலையை விட்டுடணும், அதான் அங்க விதி. வீட்டுக்கு கிளாரா எழுதின கடிதங்கள் கிடைச்சு, 2007ல நியூயார்க் வரலாற்றுச் சங்கம் கண்காட்சி வெச்ச பிறகுதான் ஊர் உலகத்துக்கு அவங்க பேரு தெரிஞ்சது. நூறு வருஷம் பேரை மறைச்சு வெச்சது பெரிய அநியாயம்னு நான் சொல்வேன்.

கண்ணாடி வாங்கும்போது பால் மாதிரி மங்கலானதா எடுங்க, தெளிவான கண்ணாடின்னா பல்பு மட்டும்தான் கண்ணைக் குத்தும். பழைய ஜீரோ வாட்ஸ் குண்டு பல்பு சூடாகும், அரை வாட்ஸ் எல்இடி போதும். பிளக் பகுதியை ரெடிமேடா வாங்குங்க, வயர்ல கை வைக்காதீங்க.

காரீயம் விஷம், மக்களே. சமையல் மேடையில செய்யாதீங்க, ஜன்னலைத் திறந்து வைங்க, குழந்தைங்களைக் கிட்ட விடாதீங்க, முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. குழந்தை ரூமுக்குன்னா காரீயம் இல்லாத சால்டரே வாங்குங்க. கொஞ்சம் அதிகச் சூடு கேட்கும், அவ்வளவுதான்.

உங்க முதல் விளக்குல என்ன உருவம்? கமெண்ட்ல சொல்லுங்க, அதிகம் பேர் கேட்கிற உருவத்துக்கு அடுத்த வீடியோவுல வெட்டுற படம் வரைஞ்சு தர்றேன்.