அல்வாக் கடையும் ஆம்புலன்ஸும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘தமிழே என் மூச்சே’ எல்லாம் அடுத்த மேடையில வச்சுக்கறேன், நேரம் குறைச்சல். ‘அவசர மருத்துவ ஊழியர் போதைக்கு அடிமையாவது மனப் பலவீனத்தாலா, பார்க்கிற வேலையாலா?’ இதுதான் தலைப்பு. உதாரணத்துக்கு நீங்க குடுத்த படம், மார்ட்டின் ஸ்கோர்செசி 1999-ல எடுத்த ‘பிரிங்கிங் அவுட் த டெட்’. மூலக்கதை எழுதின ஜோ கானலி நியூயார்க்ல பாராமெடிக்கா, அதாவது ஆம்புலன்ஸ்ல போய் சிகிச்சை குடுக்கறவரா, வேலை பார்த்தவர். வேலைதான் காரணம்னு பேச வந்திருக்கேன்.

படத்துல ரெண்டாவது ராத்திரி. ஃப்ராங்க், அதாவது நிக்கோலஸ் கேஜ், ஆம்புலன்ஸ்ல வர்றான். கூட மார்கஸ், நம்ம விங் ரேம்ஸ். ஒரு கிளப்புல பையன் ஒருத்தன் ஹெராயின் ஓவர்டோஸ்ல மல்லாந்து கிடக்கான். மார்கஸ் என்ன பண்றார்? சுத்தி நிக்கிற அத்தனை பேரையும் கைகோத்து நிக்க வச்சு, கட்டடம் அதிர ஜெபம் பண்றார்! கீழ ஃப்ராங்க் சத்தமில்லாம நலாக்ஸோன் ஊசி, அதாவது ஹெராயினை முறிக்கிற மருந்து, போடறான். ஜெபம் உச்சிக்குப் போகுது, பையன் எழுந்துக்கறான். பேர் யாருக்கு? மார்கஸுக்கு! கல்யாணத்துல அடுப்படியில வெந்தவனை விட்டுட்டு, வாசல்ல பன்னீர் தெளிக்கிறவரைப் பாராட்டற கதைதான்.

இதை இன்னொரு தடவை சொல்றேன். இந்தத் தடவை ஜெபத்தைப் பார்க்காதீங்க, தரையைப் பாருங்க. ஹெராயின் மூளைத்தண்டுல மூச்சுக்கான கட்டளையையே அமுக்கிடும். கண்மணி குண்டூசி முனையா சுருங்கும், உதடு நீலம் பாரிக்கும். ஊசிக்கு முன்னாடி, முகமூடி வச்சுக் காத்தடிக்கிற ஆம்பு பையை அமுக்கி, அஞ்சாறு நொடிக்கு ஒரு மூச்சு குடுக்கணும். அப்புறம்தான் நலாக்ஸோன், வழக்கமா 0.4 மில்லிகிராம்ல ஆரம்பிப்பாங்க. ரத்தநாளத்துல ஏத்தினா ரெண்டு நிமிஷத்துல வேலை செய்யும். அவசரப்பட்டு அள்ளி விட்டா, கிடந்தவன் வாந்தியோட எழுந்து, ‘என் போதையை ஏன்டா கலைச்சே?’ன்னு அடிக்க வருவான். அந்த மருந்து நிக்கிறதும் 30-லேர்ந்து 90 நிமிஷம்தான். உள்ள போன சரக்கு அதுக்கு மேல தங்கினா, மறுபடி மூச்சு அடங்கும். அல்லேலூயா பாடிட்டு வீட்டுக்குப் போக முடியாதுங்க, ஆஸ்பத்திரிக்கு ஏத்தியே ஆகணும்.

இப்ப எதிரணி அண்ணன் கேட்டதுக்கு வர்றேன். “அல்வாக் கடைக்காரனுக்கெல்லாம் சர்க்கரை வியாதியா வருது? மருந்துப் பெட்டி பக்கத்துல இருந்தா எடுத்துப் போட்டுக்குவானா?”ன்னார். நீங்களும் கைதட்டினீங்க, நான் பார்த்தேன்.

அண்ணே, அல்வாக் கடையில மிச்ச அல்வாவை என்ன பண்ணுவாங்க? மூடி வச்சு நாளைக்கு விப்பாங்க. ஆம்புலன்ஸ் பெட்டியில இருக்கற ஃபென்டனில், ஹெராயின் ஜாதி வலி மருந்து, அப்படியில்ல. ஒரு ஆம்பியூல்ல, அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பியில, 2 மில்லி, 100 மைக்ரோகிராம். கால் முறிஞ்சவருக்கு 50 போதும்னா 1 மில்லி மிச்சம். அந்த மிச்சத்தை இன்னொரு ஊழியர் கண்ணெதிர்ல கொட்டி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். இரட்டைப் பூட்டு உண்டு, நம்பர் போட்ட சீல் உண்டு, ஷிஃப்ட் மாறும்போது எண்ணிப் பார்க்கறது உண்டு. அப்புறம் ஓட்டை எங்க விழுது? ராத்திரி மூணு மணி, அடுத்த அழைப்பு வந்தாச்சு. “நீ கொட்டிடுப்பா, நான் போட்டுடறேன்”னு கூட்டாளி பார்க்காமலே கையெழுத்துப் போடறான். சிரிஞ்சுல இருக்கறது மருந்தா உப்புத் தண்ணியான்னு கண்ணால சொல்ல முடியாது, ரெண்டுக்கும் நிறமில்ல. தேனெடுத்தவன் புறங்கையை நக்கினா நாக்குலயாவது இனிப்பு தெரியும். இது தெரியறதே கணக்கு உதைக்கும்போதுதான்.

இன்னொண்ணு அண்ணே. அல்வாக் கடை ராத்திரி ஷட்டரை இறக்கிடும். நம்ம ஃப்ராங்க் என்ன பண்றான்? கேப்டன் முன்னாடி நின்னு, “என்னை வேலையை விட்டுத் தூக்குங்க”ன்னு கெஞ்சறான். கேப்டனும் மனசு இரங்கிட்டார். கண்டிப்பாத் தூக்கறேன்ப்பா, ஆனா நாளைக்கு! இன்னிக்கு ராத்திரி வண்டிக்கு ஆள் இல்ல! சம்பள உயர்வைத் தள்ளிப் போடற முதலாளியைப் பார்த்திருப்பீங்க. டிஸ்மிஸ்ஸையே தள்ளிப் போடற மேலதிகாரியைப் பார்த்திருக்கீங்களா?

ராத்திரியைத் தள்ளணுமே, என்ன பண்ணுவான்? வண்டியில இருக்கற வைட்டமின் பி, குளுகோஸ், ஒரு துளி அட்ரினலின், தனக்குத்தானே ஏத்திக்கறான். குடிக்கறான். போதாக்குறைக்கு, போதை விக்கறவன் வீட்டுலயே மாத்திரை வாங்கிப் போட்டுக்கறான். ஃப்ராங்க் யோக்கியன்னு நான் வாதாட வரல.

ஆனா அவனுக்குத் தெருவுல போற முகமெல்லாம் ஒரே முகமாத் தெரியுதுங்க. ஆஸ்துமாவுல மூச்சு முட்டி, அவன் கையிலயே போன ரோஸ்ங்கிற பொண்ணு. மத்தவனுக்குப் போட நலாக்ஸோன் பெட்டியில இருக்கு. அந்த முகத்தைக் கலைக்க என்ன ஊசி இருக்கு அந்த வண்டியில? சட்டம், கணக்கு, கையெழுத்து எல்லாம் பேசினேன். இதுக்கு எனக்கும் பதில் இல்ல.

படம் முடியற இடத்துல விடியுது. மாரடைப்புல அவன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பெரியவரோட பொண்ணு மேரி; அவ வீட்டுக் கதவைத் தட்டறான். அவ உள்ள கூப்பிடறா. அவ மேல தலையைச் சாய்ச்சு, சட்டையைக்கூட மாத்தாம அப்படியே கண்ணை மூடறான். ஜன்னல் வெளிச்சம் ரெண்டு பேர் மேலயும் விழுது.

நடுவர் அவர்களே, கை மணிக்குப் போகுது, பார்த்துட்டேன். அடிக்காதீங்க. இப்பத்தான் தூங்கியிருக்கான்.