கோல் முனையில் கைமாறிய நிலம்

நேயர்களுக்கு வணக்கம்.

பத்திரம் எழுதும் தொழிலில் நாற்பது வருடம் ஓட்டியவன் நான். எந்த ஊர்ப் பத்திரமானாலும் என் கண் முதலில் போவது அடியிலுள்ள கையெழுத்துக்குத்தான். எழுதிக்கொடுத்தவர் யார், எழுதி வாங்கியவர் யார், சாட்சி யார்? சில வருடங்களுக்கு முன் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தேன். அங்கே ஒரு மாவட்ட ஆவணக் காப்பகத்தில் பழைய நில ஆவணம் ஒன்றைப் பார்க்கக் கிடைத்தது. பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். ஆவணம் பதப்படுத்திய ஆட்டுத்தோல். விரித்தால் சுருண்டுகொள்கிறது, நாலு மூலையிலும் எடை வைத்துத்தான் படிக்க முடிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கையெழுத்து. ஒருவர் நிலத்தை விற்கிறார், இன்னொருவர் வாங்குகிறார். சரி. ஆனால் விற்றவர் கையெழுத்து இல்லை, வாங்கியவர் கையெழுத்தும் இல்லை. அடியில் இருப்பது ஒரே கையெழுத்து, அதுவும் மூன்றாம் ஆள் ஒருவருடையது.

என் மேசைக்கு இப்படி ஒன்று வந்திருந்தால் "வேறு ஆளைப் பாருங்கள்" என்று அனுப்பியிருப்பேன். ஆனால் அந்த நாட்டில் பல நூறு வருடம் சாதாரணக் குடியானவனின் நிலத்துக்கு இதுதான் ஆதாரம். காப்பிஹோல்ட் என்று பெயர். இந்தக் காப்பி குடிக்கிற காப்பி இல்லை, நகல். நகலைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தை அனுபவிக்கிறான். அப்படியென்றால் அசல் எங்கே? அசல் பிரபுவின் புத்தகத்தில்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இடைக்கால இங்கிலாந்தில் நிலம் மேனர் மேனராகப் பிரிந்து கிடந்தது. மேனர் என்பதை ஒரு பெரிய பண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு பிரபு. அவருக்குக் கட்டுப்பட்ட குடியானவர்கள் வில்லின்கள். வாரத்தில் இத்தனை நாள் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். மகளுக்குக் கல்யாணம் செய்தால் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். பிரபு நிலத்தைப் பிடுங்கிக்கொண்டால் அரசனின் நீதிமன்றம் ஏறிக் கேட்க முடியாது. அவனுக்கு உள்ள ஒரே நீதிமன்றம் பிரபுவே நடத்துகிற மேனர் நீதிமன்றம்தான். அங்கே யார் நிலம் எடுத்தார், யார் அபராதம் கட்டினார் என்பதையெல்லாம் எழுத்தர் லத்தீனில் தோலில் எழுதி, ஒன்றோடொன்று தைத்துச் சுருட்டி வைப்பார். நீதிமன்றச் சுருள் என்பது இதுதான்.

அந்தச் சுருளில் பெயர் இருந்தால் அடிமைத்தனம் ஊர்ஜிதம். அதனால்தான் 1381 ஜூனில் குடியானவர்கள் பிரபுக்களை எதிர்த்துக் கிளம்பியபோது பல இடங்களில் முதலில் தீ வைத்தது சுருள்களுக்கு. எசெக்ஸ் பக்கம் பல மேனர்களில் பழைய சுருள் தேடினால் 1381க்கு முந்தையது கிடைக்காது. அந்த வருடம்தான் புதுச் சுருள் தொடங்குகிறது. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முன்பு ஒரு மடாதிபதி ஊர்க்காரர்களின் திரிகைக் கற்களைப் பறிமுதல் செய்து தன் கூடத்துக்குத் தளமாகப் பதித்திருந்தார். அதைப் பெயர்த்தெடுத்து, உடைத்து, ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

எனக்கு ஆச்சரியம் இதற்கப்புறம்தான். தாத்தா தீ வைத்த அதே புத்தகத்தின் நகலைப் பேரன் பெட்டியில் பூட்டிப் பாதுகாக்கிறான். எப்படி? 1348, 49இல் வந்த கொள்ளைநோய்க்கு அப்புறம் உழுவதற்கு ஆளில்லை. ஆள் கிடைக்க வேண்டுமானால் பிரபு இறங்கி வர வேண்டும். நாள் கணக்கில் உழைப்பது போய்ப் பணமாகக் கட்டுவது வந்தது. அடிமைத்தனம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. புத்தகத்தில் எழுதும் பழக்கம் மட்டும் நின்றது. பதினைந்தாம் நூற்றாண்டில் குடியானவன் "என்னைப் பற்றி எழுதியதற்கு ஒரு நகல் கொடுங்கள்" என்று வாங்கிக்கொள்ள ஆரம்பித்துவிட்டான். வழக்கப்படி நடந்துகொள்ளும் குடியானவனைப் பிரபு வெளியேற்றினால் பிரபு மேலேயே வழக்குப் போடலாம் என்று 1481இல் தலைமை நீதிபதி பிரையன் சொன்னார். அதற்கு நூற்றைம்பது வருடம் கழித்து எட்வர்ட் கோக் என்ற சட்ட அறிஞர், இனிமேல் இவர்கள் பிரபுவின் முகச்சுளிப்புக்கு நடுங்க வேண்டாம், சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று எழுதும் அளவுக்கு நிலைமை மாறிவிட்டது.

இப்போது நீதிமன்றத்துக்குள் போவோம். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று கட்டடத்தைத் தேடாதீர்கள். பிரபுவின் மாளிகைக் கூடமாக இருக்கலாம்; பிற்காலத்தில் பெரும்பாலும் ஊர்ச் சாராயக்கடை மாடிதான். நடுவில் மேசை. பிரபு வர மாட்டார். அவருடைய காரியஸ்தர் உட்கார்ந்திருப்பார். பிற்காலத்தில் அவர் உள்ளூர் வக்கீல். அறிவிப்பாளர் மூன்று முறை கூவி நீதிமன்றத்தைத் தொடங்கிவைப்பார். குடியானவர்களிலேயே சிலரைச் சத்தியம் வாங்கி ஜூரிகளாக உட்கார வைப்பார்கள்.

ஜான் என்பவர் ஐந்து ஏக்கரைத் தாமஸுக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜான் நேராகத் தாமஸுக்கு எழுதிக்கொடுக்க முடியாது. அப்படிக் கொடுத்தால் செல்லாது. அதோடு நிலமும் பறிபோகலாம். காரணம், சட்டத்தின் கண்ணில் நிலம் பிரபுவுடையது. ஆகவே ஜான் முன்னால் வருகிறார். காரியஸ்தர் ஒரு கோலை நீட்டுகிறார், சாதாரண மரக்கோல்தான். அதன் ஒரு முனையை ஜான் பிடித்துக்கொண்டு, இன்ன நிலத்தைத் தாமஸின் பயனுக்காகப் பிரபுவின் கையில் ஒப்படைக்கிறேன் என்று சொல்லி, கோலை விடுகிறார். நிலம் பிரபுவிடம் திரும்பிப் போய்விட்டது. அடுத்து தாமஸ் வந்து, என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டுகிறார். அதே கோல் இப்போது அவர் பக்கம் நீள்கிறது. பிடிக்கிறார். கட்டணம் கட்டுகிறார், விசுவாசப் பிரமாணம் செய்கிறார். எழுத்தர் எழுதிக்கொள்கிறார். சில ஊர்களில் கோலுக்குப் பதில் கையுறை, சில ஊர்களில் வைக்கோல் துரும்பு.

அந்தக் கோலின் இரண்டு பிடிக்கு நடுவில் எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு விடும் நேரம். அந்த ஒரு மூச்சுக்குத்தான் பிரபுவுக்குக் காசு. நுழைவுக் கட்டணம் சில மேனர்களில் நிரந்தரமாக இத்தனை ஷில்லிங் என்று நிற்கும். மற்ற இடங்களில் பிரபு கேட்டதுதான் தொகை. பிரபுக்கள் வாய்க்கு வந்ததைக் கேட்க ஆரம்பித்ததும் அரசனின் நீதிமன்றங்கள் குறுக்கே வந்து, கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும், நிலத்தின் இரண்டு வருட வருமான மதிப்பைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டின. என்னைக் கேட்டால் இரண்டு வருட வருமானமே கொள்ளைதான்.

கணவனும் மனைவியும் சேர்ந்து மனைவியின் நிலத்தை விற்றால், காரியஸ்தர் அந்தப் பெண்ணைக் கணவனில்லாமல் தனியே அழைத்துப் போய் விசாரிக்க வேண்டும். உன் சம்மதத்தோடுதானா, மிரட்டி வாங்கியதா? தனியே விசாரிக்கப்பட்டாள் என்ற வரி பதிவில் இருந்தே ஆக வேண்டும். நான் பார்த்த தோலிலும் இருந்தது.

அடமானத்துக்கும் இதே கோல்தான். இன்ன தேதிக்குள் பணம் கட்டிவிட்டால் இந்த ஒப்படைப்பு செல்லாது என்று நிபந்தனை போட்டு ஒப்படைப்பார்கள். கடன் தீர்ந்ததும் பதிவின் ஓரத்தில் தீர்ந்தது என்று ஒரு குறிப்பு. வில்லங்கம் பார்க்க ஊர் ஊராக அலைய வேண்டாம். ஒரே புத்தகத்தைப் புரட்டினால் போதும், பாட்டன் காலத்திலிருந்து எல்லாம் வரிசையாக இருக்கும். இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது.

தோலில் இன்னொரு வரி என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்தது. வாங்கியவர் நிலத்தை எப்படி வைத்திருக்கிறார் என்று சொல்லும் வரி: பிரபுவின் விருப்பப்படி, மேனரின் வழக்கப்படி. முதல் பாதியை மட்டும் படித்தால், பிரபு நாளைக்கே வெளியே போ என்று சொல்லலாம். இரண்டாம் பாதி அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறது. பிரபு விரும்பலாம், ஆனால் வழக்கம் என்ன சொல்கிறதோ அதைத்தான் விரும்ப முடியும். வழக்கம் என்ன என்பதைச் சொல்கிறவர்கள் யார்? சத்தியம் செய்து உட்கார்ந்திருக்கும் அந்தக் குடியானவர்கள். பத்திரம் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு காற்புள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இவ்வளவு எடையை வைத்த வாசகம் எனக்குக் கிடைத்ததில்லை.

வழக்கம் என்றால் ஊருக்கு ஊர் தலைகீழ். பொதுச் சட்டத்தில் மூத்த மகனுக்குச் சொத்து. சசெக்ஸ் பக்கம் பல மேனர்களில் கடைசி மகனுக்கு. சாமர்செட்டில் டான்டன் டீன் என்ற பெரிய மேனரில் கணவன் செத்தால் பிள்ளைகளுக்கு இல்லை, மனைவிக்குத்தான் முழு வாரிசுரிமை. மேற்குப் பக்கத்தில் சில இடங்களில் மூன்று உயிர் கணக்கு: தகப்பன், தாய், பிள்ளை என்று மூன்று பேரை எழுதி, கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரை நிலம். பெர்க்‌ஷயரில் என்போர்ன் என்ற ஊரில் விதவைக்கு நிலம் உண்டு, ஆனால் ஒழுக்கம் தவறினால் போய்விடும். திரும்ப வேண்டுமானால் ஒரு கறுப்புக் கிடாமீது பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, வாலைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்து, தன் தவறைச் சொல்லும் ஒரு பாட்டைப் பாட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பாடி முடித்தால் காரியஸ்தர் நிலத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒழுக்கம் தவறிய ஆணுக்கு எந்தக் கிடாவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

குடியானவன் செத்தால்? பல மேனர்களில் அவன் மாடு குதிரைகளில் நல்லதாக ஒன்றைப் பிரபுவின் ஆள் வந்து ஓட்டிக்கொண்டு போவான். ஹெரியட் என்று பெயர். வீட்டில் துக்கம், தொழுவத்தில் தேர்வு. அப்புறம் நீதிமன்றத்தில் வாரிசு வரலாம் என்று அறிவிப்பு, தொடர்ந்து மூன்று அமர்வுகளில். மூன்றுக்கும் வரவில்லையென்றால் வாரிசு வரும்வரை பிரபு நிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார். உயில் எழுதுவதிலும் வம்பு. முதலில் நிலத்தை "என் உயிலின் பயனுக்காக" என்று கோல் பிடித்து ஒப்படைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உயில் நிலத்தைத் தொடாது. அந்தச் சடங்கு தேவையில்லை என்று 1815இல்தான் சட்டம் வந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் சொத்து முழுக்கக் குடியானவனுடையது போலத்தான் இருக்கும். ஆனால் தன் நிலத்து ஓக் மரத்தை வெட்டி விற்க முடியாது. அடியில் நிலக்கரி இருந்தால் பிரபுவைக் கேட்காமல் தோண்ட முடியாது. பிரபுவும் அவனைக் கேட்காமல் தோண்ட முடியாது, ஆகவே பல இடங்களில் கரி அப்படியே கிடந்தது. பிரபுவின் அனுமதியில்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட்டால் நிலமே போகும். ரயில்வேயும் ஆலையும் வந்த பிறகு இதெல்லாம் தாங்க முடியாத தொந்தரவு. 1841 தொடங்கி அடுத்தடுத்துச் சட்டம் போட்டு, பணம் கட்டி விடுதலை வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். மெதுவாகத்தான் நடந்தது. காரியஸ்தர்களுக்கு ஒவ்வொரு கோல் பிடிக்கும் தனிக் கட்டணம் உண்டு. எங்கள் தொழில்காரர்கள் எங்கேயும் ஒரே மாதிரிதான்.

கடைசியில் 1922ஆம் வருடச் சொத்துச் சட்டம் மொத்தமாக முடித்துவைத்தது. 1926 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை. அன்று காலையில் விழித்தெழுந்த காப்பிஹோல்ட்காரர் எல்லாரும் முழு உரிமையாளர்கள். சுருள்களை யாரும் குப்பையில் போட்டுவிடக் கூடாதென்று அவற்றின் பொறுப்பை மாஸ்டர் ஆஃப் தி ரோல்ஸ் என்ற நீதிபதியிடம் கொடுத்தார்கள். பெயரே சுருள்களின் தலைவர் என்பதுதானே! வேக்ஃபீல்டு மேனரின் சுருள்கள் 1274இல் தொடங்கி 1925 வரை ஓடுகின்றன. இப்போது லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

ஆனால் அந்தச் சட்டம் கனிமம், வேட்டை போன்ற சில உரிமைகளைப் பிரபுவுக்கே விட்டுவைத்தது. அவற்றை 2013 அக்டோபர் 13க்கு முன் பதிவு செய்துவிட வேண்டும் என்று பின்னால் ஒரு கெடு வந்தது. கெடு நெருங்க நெருங்கப் பழைய மேனர்களின் இன்றைய சொந்தக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். வெல்வின் கார்டன் சிட்டியிலும் ஆங்கில்சி தீவிலும் வீட்டுக்காரர்களுக்குக் கடிதம் வந்தது: உங்கள் வீட்டுக்கு அடியில் மேனர் உரிமை இருப்பதாகப் பதிவாகிறது. படுக்கையறைக்குக் கீழே யாரோ ஒரு பிரபு படுத்திருப்பது போல மக்கள் பதறினார்கள். விஷயம் நாடாளுமன்றக் குழு வரை போனது.

என் தோலுக்கு வருகிறேன். படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தபோது காப்பக அம்மா, "இதற்கு அசலும் எங்களிடம்தான் இருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். அந்தக் காலத்துக்குள் சுருள் போய்க் கட்டுப்புத்தகம் வந்துவிட்டது. லத்தீனும் 1733இலேயே போய்விட்டது. இரண்டு பேர் தூக்க வேண்டிய புத்தகம். நகலைப் பக்கத்தில் வைத்து, பழக்கதோஷத்தில், விரலால் வரிக்கு வரி ஒத்துப் பார்த்தேன். கோல் இருந்தது, தனியே விசாரித்த பெண் இருந்தாள், விருப்பப்படியும் வழக்கப்படியும் இருந்தன. நகலில் ஓரிடத்தில் ஒரு சொல்லை இரண்டு முறை எழுதியிருந்தார்கள். காரியஸ்தர் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.