திருவல்லிக்கேணியில் குடியிருந்தவர்கள்

வணக்கம் நேயர்களே. திருவல்லிக்கேணியில் வாழ்ந்த பெரியவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 1878இல் 'தி இந்து' பத்திரிகையைத் தொடங்கிய இளைஞர்கள் முதல் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்கிறேன். இருவருக்கும் இங்கே சொந்த வீடு கிடையாது.

1912 பிப்ரவரி 9. சென்னைத் துறைமுகத்துக்குக் குமாஸ்தா வேலை கேட்டு ஒரு விண்ணப்பம் போகிறது. முகவரி, 7, சம்மர் ஹவுஸ், திருவல்லிக்கேணி. எழுதியவர், எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறாத கணிதமேதை ராமானுஜன். அந்த வீட்டில் வேறு சில இளைஞர்களோடு தங்கியிருந்தார். நானும் இருபது வயதில் இங்கே ஒரு மேன்ஷனில், ஓர் அறையில் மூன்று பேராக இருந்தவன். அந்த முகவரியை முதன்முதலில் படித்தபோது என்னவோ செய்தது. வேலை கிடைத்தது. மறு ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதும்போதும், வருடம் 20 பவுண்டு சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்கிறார்.

அப்புறம் பாரதி. 1920 கடைசியில் சென்னை திரும்பி, 'சுதேசமித்திர'னில் மறுபடி சேர்ந்தார். குடியிருந்தது துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில். பார்த்தசாரதி கோயில் யானைக்குத் தேங்காயும் பழமும் கொடுப்பது அவர் வழக்கம். ஒருநாள் அது அவரைத் தள்ளிவிட்டது. யாரும் கிட்டே போகத் துணியாதபோது குவளைக் கண்ணன் உள்ளே பாய்ந்து, காலடியில் கிடந்தவரைத் தூக்கி வந்தார். அந்த நட்பை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். யானை அடித்துத்தான் பாரதி இறந்தார் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. அவர் தேறி எழுந்தார், வேலைக்குப் போனார், ஜூலை மாதக் கடைசியில் ஈரோடு கருங்கல்பாளையம் போய் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசிவிட்டும் வந்தார். பிறகு வந்த வயிற்றுக்கடுப்புதான் அவரைக் கொண்டுபோனது. 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து உயிர் பிரிந்தபோது வயது 38. கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்குக் கூடவந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அந்த வாடகை வீடு இப்போது பாரதியார் நினைவு இல்லம். பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் அப்படியே நாலடி நடந்து, அங்கேயும் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.