போர்க்களம் காணாத தளபதியின் குதிரை

[திரையில்: முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் பழுப்புக் குதிரை. மேலே கருங்கவசத்தில் ஒரு மனிதர். கீழே தூரத்தில் புகைமூட்டம்.]

இந்தப் படத்தைப் பார்த்ததும் என்ன தோன்றுகிறது? மலைச்சரிவில் ஒரு சேனாதிபதி. கீழே சண்டை மும்முரமாக நடக்கிறது. கையிலிருக்கும் கோலை நீட்டி, "அங்கே பாயுங்கள்" என்று உத்தரவு போடுகிறார். இடுப்பில் சிவப்புப் பட்டை, தலையில் இறகு வைத்த தொப்பி. ஒரு குறையும் இல்லை. ஒன்றே ஒன்றுதான்: இவர் எந்தப் போர்க்களத்திலும் நின்று படை நடத்தியவரே கிடையாது.

பெயர் காஸ்பர் டி குஸ்மான், ஒலிவாரெஸ் பிரபு. மூன்றாவது மகன் என்பதால் சிறு வயதில் இவரைத் திருச்சபைக்கென்று ஒதுக்கிவைத்து, சலமான்கா பல்கலைக்கழகத்துக்குப் படிக்க அனுப்பினார்கள். அண்ணன்கள் இறந்ததால் பட்டம் இவர் கைக்கு வந்தது. 1621இல் பதினாறு வயது நான்காம் ஃபிலிப் ஸ்பெயினின் அரசரானார். அதன் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் ராஜ்யம் ஒலிவாரெஸின் மேசையிலிருந்துதான் நடந்தது. போர் என்பது அவருக்குக் கடிதம், கணக்கு, வரி, கடன்.

அப்படிப்பட்டவரை 1636 வாக்கில் அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ் இப்படித் தீட்டினார். படம் மூன்று மீட்டருக்கு மேல் உயரம்.

[திரையில்: குதிரையின் பின்னங்கால்கள், நெருக்கத்தில்.]

முதலில் குதிரையைப் பார்ப்போம். மிரண்ட குதிரையும் முன்னங்காலைத் தூக்கும், ஆனால் அது வேறு. இங்கே பின்னங்கால்கள் நன்றாக மடங்கி, முழு எடையும் பிட்டத்தில் இறங்கியிருக்கிறது. முன்னங்கால்கள் மடக்கிய நிலையில் இருக்கின்றன. இதை இன்று லெவாட் என்கிறார்கள். வருடக்கணக்கில் பழக்கிய குதிரையாலேயே இப்படிச் சில விநாடிதான் நிற்க முடியும். அதன் மேல் இருப்பவர் ஒரு கையில் கடிவாளம், மறு கையில் கோல் என்று அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு பெரிய மிருகத்தை ஒற்றைக் கையால் அடக்குபவருக்கு நாட்டை அடக்குவதா கஷ்டம் என்பதுதான் சேதி. அன்றைய பார்வையாளர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஒலிவாரெஸுக்கு இது முழுப் பொய்யும் இல்லை. அரசரின் குதிரை லாயங்களுக்கு அவரே தலைவர். சவாரியில் கெட்டிக்காரர். ஆனால் வயது ஏற ஏற உடம்பு பெருத்துவிட்டது. இங்கேதான் வெலாஸ்கெஸின் சாமர்த்தியம். குதிரையைப் பக்கவாட்டில் நிறுத்தவில்லை. நமக்கு முதுகு காட்டி, கோணலாக உள்ளே பாயவிட்டார். அதனால் தொந்தி மறைந்து, முதுகுக் கவசமும் பட்டையின் முடிச்சும் முன்னுக்கு வருகின்றன. முகம் மட்டும் தோளுக்கு மேல் திரும்பி நம்மை மேலிருந்து பார்க்கிறது. உருவத்தை மறைத்து அதிகாரத்தைக் காட்ட இதைவிட நல்ல கோணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1603இல் ரூபன்ஸ் என்ற ஓவியர், லெர்மா பிரபுவை வரைந்தபோது நேர் எதிராகச் செய்திருந்தார். அங்கே வெள்ளைக் குதிரை நேராக நம்மை நோக்கி வருகிறது. லெர்மாவும் ஓர் அரசரின் செல்வாக்கான அமைச்சர்தான்.

[திரையில்: ஓவியர் வான் டைக் வரைந்த மொன்காடா, பாரிஸின் லூவர் அருங்காட்சியகம்.]

இவர் ஃபிரான்சிஸ்கோ டி மொன்காடா. ஃபிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஸ்பானியப் படைகளுக்கு உண்மையிலேயே தலைமை தாங்கியவர். வான் டைக் இவரை வரைந்ததில் பாய்ச்சலே இல்லை, குதிரை நிதானமாக நடந்து வருகிறது, தலையில் தொப்பிகூட இல்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. நிஜத் தளபதிக்கு இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் தேவைப்படவில்லை.

சரி, ஒலிவாரெஸ் படத்தில் தெரியும் சண்டை எது? 1638இல் பிரெஞ்சுப் படையின் முற்றுகையை முறியடித்த ஃபுவென்டெர்ரபியா என்ற எல்லை நகரத்துச் சண்டை என்று சிலர் சொல்வதுண்டு. அதுவாகவே இருந்தாலும், அப்போது அவர் மாட்ரிட்டில்தான் இருந்தார்.

இன்னொரு விஷயம். இதே காலத்தில் மாட்ரிட்டில் புவென் ரெதீரோ அரண்மனை எழுந்தது. அதை முன்னின்று கட்டியவரும் ஒலிவாரெஸ்தான். அதன் பெரிய மண்டபத்துக்கு அரச குடும்பத்தைக் குதிரை மேல் தீட்டினார் வெலாஸ்கெஸ். குட்டி இளவரசர் பால்தசார் கார்லோஸின் குதிரைக்கு வயிறு பானை போல இருக்கும். கோளாறு இல்லை, கதவுக்கு மேல் மாட்டுவதற்காக, கீழிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஏற்றபடி வரைந்தது. அந்த வரிசையில் ஒலிவாரெஸுக்கு இடமில்லை. ஆனாலும் பிரேசிலின் பாயியாவை மீட்டதைப் பற்றி மாயினோ என்ற ஓவியர் அந்த மண்டபத்துக்கு வரைந்த படத்தில் அரசருக்கு வெற்றி மாலை சூட்டும் கைகளில் ஒன்று இவருடையது.

1640இல் ஸ்பெயினின் கத்தலோனியா பகுதி கிளர்ந்தது, அதே ஆண்டு ஸ்பானிய அரசரின் ஆட்சியில் இருந்த போர்ச்சுகலும் பிரிந்தது. 1643இல் அரசர் இவரைப் பதவியிலிருந்து அனுப்பிவிட்டார். இரண்டு ஆண்டில் தோரோ நகரில் இறந்துபோனார். படம் கைமாறி எங்கெங்கோ போய், 1769இல் ஸ்பெயின் அரசர் மூன்றாம் கார்லோஸ் அதை என்செனாதா பிரபுவின் தொகுப்பிலிருந்து வாங்கினார். இன்று அது மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அந்த மண்டபத்து ராஜா ராணிகளின் குதிரைப் படங்களும் அங்கேதான்.