பாலை மரத்துக்கு எந்த மெசின்? செயின்சோ, பார், செயின் பொருத்திறது எப்பிடி

[காட்சி: மரமேசையில் மூன்று செயின்சோக்கள். பார்களும் செயின்களும் கழற்றிப் பக்கத்தில்.]

வணக்கம். கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ கடைக்குப் போய் செயின்சோ கேட்டா, முதல்ல எடுத்துக் காட்டுறது 52 சிசி, 58 சிசி எண்டு ஸ்டிக்கர் ஒட்டின சீன மெசின்தான். அனேகமா அதில 20 இஞ்சி பார், அதாவது செயின் சுத்தி ஓடுற நீட்டுத் தகடு, பூட்டியிருக்கும். பார் நீட்டா இருந்தா மெசினும் பெரிசு எண்டு ஆக்கள் நினைக்கினம். அந்தப் பாரை முழுசா ஒரு காய்ஞ்ச பாலைக்குள்ள இறக்கினா என்ன நடக்கும் எண்டு பாப்பம்.

[காட்சி: நீலம் பாய்ந்த கிளச் டிரம், கிட்டத்தில்.]

பார் எவ்வளவு நீளத்துக்கு மரத்துக்குள்ள நிக்குதோ, அவ்வளவு பல்லும் ஒரே நேரத்தில கடிக்கும். எஞ்சினால அதை இழுக்க ஏலாட்டி சுழற்சி விழும், செயின் நிக்கும், கிளச் மட்டும் உள்ளுக்கு வழுக்கிக்கொண்டு சுத்தும். கருகின மணம் வரும். டிரம் இந்தமாதிரி நீலமாப் போகும். இதுக்கு மெசினைக் குறை சொல்லக் கூடாது. 52 சிசி மெசின் 16 இஞ்சி பாரோட வேம்பு, தென்னை எல்லாம் நல்லா வெட்டும். 20 இஞ்சி பாரால பாலை வெட்டத்தான் அது காணாது.

அதால முதல் கேள்வி, என்ன மரம் வெட்டப் போறியள்? வேலிக் கிளுவை, சீமைக்கிளுவை, கிளை கழிக்கிறது எண்டா 30, 35 சிசி, 14 இஞ்சி பார் போதும். வேம்பு, தென்னை, நடுத்தரத் தேக்குக்கு 45 முதல் 52 சிசி, 15 அல்லது 16 இஞ்சி. பாலை, முதிரை, முத்தின புளி, வைரம் பாய்ஞ்ச பனை எண்டா 60 சிசிக்கு மேல, 18 அல்லது 20 இஞ்சி. 25 இஞ்சி பாரை 70 சிசிக்குக் குறைஞ்ச மெசினில பூட்டவே வேண்டாம். ஸ்டிக்கரில இருக்கிற சிசியை மட்டும் நம்பாமல் புத்தகத்தில கிலோவாட்டைப் பாருங்கோ. ஸ்டில் எம்எஸ் 382 எண்டா 72.2 சிசி, 3.9 கிலோவாட். வன்னிக் காட்டு மரத்துக்கு வலு எண்டா இந்த அளவு.

கட்டைப் பாரால தடிச்ச மரம் வெட்ட ஏலாதே எண்டு யோசிக்க வேண்டாம். ரெண்டு பக்கத்தாலயும் வெட்டினா 18 இஞ்சி பார் 30 இஞ்சிக் குத்தியைத் துண்டாக்கும்.

[காட்சி: செயினை நேராக்கி, பக்கத்தில் மில்லிமீற்றர் அளவுகோல்.]

இனிப் பொருத்தம். "18 இஞ்சி செயின் ஒண்டு தாங்கோ" எண்டு கேட்டா பிழையான செயினோடதான் வீட்ட வருவியள். மூண்டு இலக்கம் தெரிய வேணும்.

முதலாவது பிட்ச், ரிவெட்டுகளுக்கு இடையில இருக்கிற சராசரித் தூரம். பக்கத்துப் பக்கத்தில இருக்கிற மூண்டு ரிவெட்டை எடுங்கோ. முதலாவதின்ர நடுவில இருந்து மூண்டாவதின்ர நடுவுக்கு அளந்து ரெண்டாப் பிரிக்க வேணும். பிரிக்க முதல் 16.5 மில்லிமீற்றர் வந்தா அது புள்ளி 325 இஞ்சி. 19 வந்தா 3/8. 20.5 எண்டா புள்ளி 404, பெரிய மெசின்களில வாறது. இதில ஒரு சிக்கல் இருக்கு. சின்ன மெசினில வாற 3/8 லோ புரொபைல் செயினும் கிட்டத்தட்ட அதே அளவுதான் காட்டும், 18.6. அளவு நாடாவால பிரிச்சுப் பாக்க ஏலாது, பல்லைப் பாருங்கோ. லோ புரொபைல் பல்லு சின்னன், பதிஞ்சு இருக்கும். ரெண்டையும் மாத்திப் பூட்டினா ஸ்ப்ரொக்கெட்டில, அதாவது செயினை இழுக்கிற பல்சக்கரத்தில, ஒழுங்கா இருக்காது, ஏறி ஏறி விழும், கடைசியில அறும்.

ரெண்டாவது கேஜ். பாரின்ர தவாளிப்புக்குள்ள ஓடுற டிரைவ் லிங்கின்ர தடிப்பு. 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீற்றரில வரும். 1.6 செயின் 1.5 பாருக்குள்ள போகாது, அதால பிரச்சினை இல்லை. மற்றப் பக்கம்தான் ஆபத்து. 1.5 செயின் 1.6 பாருக்குள்ள சுகமாப் போகும், ஓடும், ஆனா பக்கத்துக்குச் சரிஞ்சு நிக்கும். வெட்டு வளையும், பாரின்ர விளிம்பு ஒரு பக்கம் தேயும்.

மூண்டாவது டிரைவ் லிங்க் எத்தினை எண்ட கணக்கு. 18 இஞ்சி, புள்ளி 325 எண்டு ரெண்டும் ஒண்டா இருந்தாலும், ஸ்டில் பாருக்கு 74 லிங்க், ஹஸ்க்வார்னா பாருக்கு 72. சீன 20 இஞ்சி பார்களுக்கு அனேகமா 76. பழைய செயினில ஒரு லிங்கில சோக்கால அடையாளம் போட்டு எண்ணுங்கோ, பாரின்ர அடியிலயும் அடிச்சிருக்கும்.

பார் மாத்தேக்க இன்னுமொண்டு பாக்க வேணும், வால்பக்கம். நடுத் துவாரம் மெசினில இருக்கிற ஆணிக்கு இறுக்கமா இருக்க வேணும். ஒயில் வாற ஓட்டை மெசினின்ர ஒயில் வாயோட நேர்ப்பட வேணும். நேர்ப்படாட்டி பார் உலர்ந்து சூடாகும். பூட்டி முடிச்சு, பார் நுனியை ஒரு வெள்ளை மட்டைக்கு நேர பிடிச்சு அக்சிலேற்றரை அமத்துங்கோ. மட்டையில ஒயில் கோடு விழுந்தாச் சரி. அந்த ஒயிலும் பார் ஒயிலா இருக்கட்டும். வண்டியில கழட்டின கறுப்பு ஒயிலில இரும்புப் பொடி கிடக்கு, அது பம்பைத் தின்னும்.

ஸ்ப்ரொக்கெட்டையும் மறக்க வேண்டாம். செயின் பதிஞ்ச தடம் அரை மில்லிமீற்றர் ஆழமானா மாத்துங்கோ. தேஞ்ச ஸ்ப்ரொக்கெட்டில புதுச் செயின் போடுறது காசை எறியிற வேலை.

[காட்சி: இரண்டு பற்கள் அருகருகே. ஒன்று கூர்மூலை, மற்றது மழுங்கிய மூலை.]

பல்லில ரெண்டு வகை. மூலை கூரா இருக்கிறது ஃபுல் சிசல். பச்சை மரத்தில வேகமா ஓடும், மண் பட்டா உடனே மொட்டையாகும். மூலை உருண்டது செமி சிசல். கொஞ்சம் மெதுவா வெட்டும், கூர் கனநேரம் நிக்கும். எங்கட மரங்களின்ர அடிப்பட்டையில மழை தெறிச்ச மண் ஒட்டியிருக்கும், மரமும் வைரம். செமி சிசல்தான் எங்களுக்கு. அடியில வெட்ட முதல் கைக்கோடரியால அந்தப் பட்டையைச் செதுக்கி விடுங்கோ. பனை எண்டா இடைக்கிடை மூடியைக் கழட்டி நாரை எடுங்கோ, ஸ்ப்ரொக்கெட்டைச் சுத்தி இறுகிப் போகும்.

[காட்சி: அறுத்த முகம். நடுவில் கருநீலக் கறை, அதற்குள் இரும்புத் துண்டு.]

இது வன்னிக்கே உரிய பிரச்சினை. 2009 வரைக்கும் சண்டை நடந்த இடத்து மரங்களுக்குள்ள செல் துண்டும் சன்னமும் இன்னும் கிடக்கு. பட்டை மேல ஒரு வீக்கம், மூடின தழும்பு இருந்தா அந்த உயரத்தில வெட்டாதேங்கோ. வெட்டு முகத்தில கருநீலக் கறை தெரிஞ்சா இரும்பு கிட்டத்தான். பொறி பறந்தா உடனே நிப்பாட்டுங்கோ. ஒரு பக்கப் பல்லு மட்டும் போயிருக்கும், அதோட தொடர்ந்தா வெட்டு அந்தப் பக்கம் இழுபட்டுப் பார் இறுகும். இப்பிடியான காணியில முதல் வெட்டுக்குப் பழைய செயினைப் பூட்டுங்கோ. துண்டு இல்லாமல் முழுசா ஏதும் செருகிக் கிடந்தா தொட வேண்டாம், பொலிசுக்கு அறிவியுங்கோ. மிதிவெடிப் பலகை இருக்கிற பக்கம் மரம் எவ்வளவு பெறுமதி எண்டாலும் போக வேண்டாம்.

அரமும் பிட்சுக்கு ஏத்த மாதிரித்தான். லோ புரொபைலுக்கு 4.0, புள்ளி 325க்கு 4.8, 3/8க்கு 5.2, புள்ளி 404க்கு 5.5 மில்லிமீற்றர். சாய்வு 30 பாகை, பாலை மாதிரி வைரத்துக்கு 25. பல்லுக்கு முன்னால நிக்கிற கட்டை பல்லை விட 0.65 மில்லிமீற்றர் தாழ்வா இருக்க வேணும். கனக்க வெட்டட்டும் எண்டு அதை இன்னும் அராவினா மெசின் குதிக்கும், கை தப்பாது. தீட்டுற ஒவ்வொரு முறையும் பாரைத் தலைகீழாத் திருப்பிப் பூட்டுங்கோ.

வாங்கேக்க பற்றுச்சீட்டில மெசின் இலக்கத்தை எழுதிக் கேளுங்கோ, மெசினைப் பதியத் தேவைப்படும். பலா, ஈரப்பலா, பெண் பனை எண்டா சொந்தக் காணியிலயும் அனுமதி எடுத்துத்தான் வெட்டலாம்.

[காட்சி: கையுறை போட்ட கை, பாரில் செயினை இழுக்கிறது.]

புதுச் செயின் முதல் கொஞ்ச நேரத்தில இழுபடும். ஆறவிட்டுத் திரும்ப இறுக்குங்கோ. பாருக்குக் கீழ தொங்கக் கூடாது, கையால இழுத்தா தடையில்லாமல் ஓட வேணும். வேலை முடிஞ்சு வைக்கேக்க ஒருக்கா தளர்த்தி விடுங்கோ. சூட்டில இறுக்கின செயின் ஆறேக்க சுருங்கி, கிராங்கையும் பெயரிங்கையும் இழுக்கும்.