ஏடு காத்தவர்கள் இல்லறத்தாரே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மிங், சிங் ஆட்சிக்காலச் சீனத்தில் பௌத்தத்தைத் தாங்கி நின்றவர்கள் மடத்துத் துறவிகளா, இல்லறத்து அறிஞர்களா என்பது இன்றைய வழக்கு. இல்லறத்தாரே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சூஹோங், ஹான்ஷான் என்று பெரிய துறவிகளை வரிசையாக நிறுத்திவிட்டுப் போனார். அவர்களின் பெருமையை நான் மறுக்கவில்லை. துறவியின்றி இன்னொருவரைத் துறவியாக்க முடியாது. அதையும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஆனால், அந்த நெறி ஊருக்குள் வாழ்ந்தது யார் வீட்டில்?

யுவான் ஹுவாங் என்ற அதிகாரியைப் பாருங்கள். செய்த நன்மை தீமைகளை அன்றன்று எழுதிவைக்கும் கணக்கேட்டை 1569இல் அவருக்குக் கொடுத்தவர் யுன்கு என்ற துறவிதான். கொடுத்தவர் துறவி, நிரப்பியவர்? 3,000 நற்செயல்களை முடிக்க அவருக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. மனைவிக்கு எழுதத் தெரியாது. ஒவ்வொரு நற்செயலுக்கும் வாத்திறகுக் குழலைச் செஞ்சாந்தில் தோய்த்து நாட்காட்டியில் ஒரு வட்டம் பதித்தார் அந்த அம்மையார்! பிறகு பாவ்டி மாவட்டத்தின் ஆட்சி அதிகாரியாக இருந்தபோது, ஒரு மூ (சீன நில அளவு) நிலத்துக்கு 0.0237 லியாங் (சீன எடை அளவு) வெள்ளியாக இருந்த வரியை யுவான் 0.0146 ஆகக் குறைத்தார். அந்த ஒன்றே 10,000 நன்மைக்குச் சமம் என்று கனவில் கேட்டதாக அவரே எழுதுகிறார். கணக்கில் கொஞ்சம் சலுகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரியைக் குறைக்கும் முத்திரை எந்த மடத்தில் இருந்தது?

அடுத்து, நூல்கள். பௌத்த மறைநூல்களின் முழுத் தொகுப்பான திரிபிடகத்தின் ஜியாசிங் பதிப்பு, 1589இல் வூதாய் மலையில் தொடங்கியது, வடக்கத்திக் குளிர் தாங்காமல் சில ஆண்டுகளில் தெற்கே ஜிங்ஷானுக்கு இடம் மாறியது. முயற்சி துறவிகளுடையது, வெள்ளி பெரும்பாலும் இல்லறத்தாருடையது. மடிப்பேடாக இருந்த சூத்திரத்தைத் தைத்த புத்தகமாக மாற்றியதால் விலை இறங்கியது. பக்கத்துக்கு இருபது வரி, வரிக்கு இருபது எழுத்து. மரப்பலகையில் செதுக்கித்தான் அச்சிடுவார்கள்; ஓர் எழுத்து பிசகினால் பலகையில் அந்த இடத்தைக் குடைந்து எடுத்து, சிறு மரத்துண்டைச் செருகி மறுபடி செதுக்க வேண்டும். பகுதி முடிவில் பாருங்கள்: கொடையாளி பெயர், எழுத்துகளின் எண்ணிக்கை, செலவான வெள்ளி. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம் சிங் ஆட்சியை எதிர்த்து எழுந்த தைப்பிங் கலகம், 1851 முதல் 1864 வரை. யாங்சி ஆற்றுப் பகுதியில் கோயில்கள் எரிந்தன. உள்ளே அடுக்கியிருந்த அச்சுப்பலகைகளும் சேர்ந்து எரிந்தன. எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்ததன் பலன்! 1866இல் நான்ஜிங்கில் அச்சகம் நிறுவி, பலகை செதுக்க மீண்டும் உளி எடுக்க வைத்தவர் யாங் வென்ஹுய். கட்டுமானப் பணி பார்த்த அதிகாரி, குடும்பஸ்தர். லண்டனில் பழகிய ஜப்பானிய அறிஞர் நான்ஜோ புன்யூ வழியாக, சீனத்தில் தொலைந்துபோன ஏறத்தாழ 300 நூல்களைத் திரும்பப் பெற்றார். எல்லாம் உணர்வின் தோற்றமே என்னும் பௌத்தக் கொள்கையான விஞ்ஞானவாதத்துக்குக் குய்ஜி என்ற பழங்காலத் துறவி எழுதிய பேருரை அப்படித்தான் 1901இல் அச்சேறியது.

துறவிகளுக்குப் பாடம் சொன்னது யார் என்றும் கேட்கிறேன். 1908இல் யாங் ஜேதவனம் என்ற பள்ளியைத் தொடங்கினார். பணமில்லாமல் விரைவிலேயே மூடிவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால், அங்கே மாணவராக உட்கார்ந்திருந்தவர் பிற்காலத்தில் சீனத் துறவிகளின் சீர்திருத்தத் தலைவரான தாய்சு!

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, ஒரே நிமிடம். யாங் 1897இல் தம் வீட்டையே அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்தார். பலகைகள் எங்கேயோ தம் உடலும் அங்கேயே என்று சொல்லி, 1911இல் மறைந்தார். அவர் கல்லறை இன்றும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது.