வாசற்படியைத் தாண்டி வாருங்கள்

மதிப்புக்குரிய பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, கோட்டக்கல்விப் பணிப்பாளர் ஐயா அவர்களே, தலைமை தாங்கும் அதிபர் ஐயா அவர்களே, இந்த வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருக்கும் முன்பள்ளி ஆசிரியைகளே, பெற்றோரே, வணக்கம். மங்கள விளக்கேற்றிய தாய்மாருக்கும் என் நன்றி.

ஒரு குடும்பத்தை உத்தியோகத்தர்கள் மதிப்பிடும்போது மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும்: வீட்டுக்குப் போகும் முறை, அறிக்கையின் மொழி, அறிக்கைக்குப் பிறகு நடப்பது.

"வீட்டுக்கு வீடு வாசற்படி" என்பார் என் அம்மம்மா. கரைச்சல் இல்லாத வீடு எது? ஆனால் படியில் நின்று எழுதினால் படி மட்டும்தான் தெரியும்.

இரணைமடுப் பக்கம் ஒரு முன்பள்ளியில் நான் உதவிக்கு நின்ற காலம். ஒரு பொடியன் அடிக்கடி பத்து மணிக்குத்தான் வருவான், ஈரச் சட்டையோடு. விசாரிக்க வந்தவர் முற்றத்தில் நின்றபடியே "தாயின் கவனக்குறைவு" என்று எழுதிவிட்டார். சிறுவர் இல்லத்தில் விடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, பிள்ளையின் நலனுக்கு அவசியமானால் மட்டுமே பெற்றோரிடமிருந்து பிரிக்கலாம் என்கிறது. ஆசிரியைக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் விடியவே என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தாய் ஐந்து மணிக்கே ஆடைத் தொழிற்சாலை பஸ்சில் போய்விட்டாள். பொடியனின் அம்மம்மாவுக்கு ஒரு கால் 2009இல் போரில் செல் பட்டுப் போனது. அவர் ஊன்றுகோலோடு கிணற்றடியில் நின்று, பேரனின் ஒரேயொரு சட்டையைத் தோய்த்துக்கொண்டிருந்தார். "ஈரமெண்டாலும் பரவாயில்லை, ஊத்தையோட விடமாட்டன்" என்றார். பனங்கட்டியோடு தேத்தண்ணியும் தந்தார். அந்தத் தாயை நானும் குறைவாக நினைத்திருந்தேனே என்ற வெட்கம் இன்னும் போகவில்லை.

அமெரிக்கச் சமூகப்பணிப் பேராசிரியர் ஆன் ஹார்ட்மன் 1978இல் ஒரு வரைபட முறையை எழுதினார். நடுவில் குடும்பம், சுற்றிலும் பாடசாலை, உறவு, தொழில், வைத்தியசாலை. பலமான உறவுக்குத் தடித்த கோடு, மெலிந்ததற்குப் புள்ளிக்கோடு, சச்சரவுக்கு வெட்டுக்கோடு. அந்தப் பொடியனுக்கு வரைந்தால் அம்மம்மாவுக்கும் ஆசிரியைக்கும்தான் தடித்த கோடு. அந்த அறிக்கையில் இருவர் பெயரும் இல்லை.

வீட்டுக்கு வீடு வாசற்படி, சரி. அந்தப் படிகளை நாள்தோறும் ஏறுகிறவர் முன்பள்ளி ஆசிரியை. சொற்பக் கொடுப்பனவுக்கு வேலை செய்யும் அவரை நிரந்தரமாக்குங்கள். குடும்ப அறிக்கையில் அவர் சொல்வதையும் எழுதுங்கள். செயலாளர் அம்மா, இந்த ஆசிரியைகள் ஒப்பமிட்ட மனு இதோ என் கையில் இருக்கிறது. இந்த மேடையிலேயே கையேற்று மேலிடத்துக்கு அனுப்பிவைக்கும்படி பணிவோடு கேட்கிறேன்.